பழைய டீசல் லாரிகளில் ஸ்டீயரிங், பிரேக் கோளாறுகளைக் கண்டறிதல்

நம் நாட்டின் நிலவழிச் சரக்குப் போக்குவரத்தில் பெரும்பகுதி இன்று லாரிகளின் வழியாகவே நடைபெறுகின்றது. வயலில் விளைந்த நெல்லும் சந்தைக்குச் செல்லும் வெங்காயமும் அணைக்கட்டுக்குத் தேவையான சிமெண்டும் ஏதேனும் ஒரு கட்டத்தில் லாரியில் ஏறியாக வேண்டும். இந்த லாரிகளில் பெரும்பாலானவை பெரிய நிறுவனங்களுக்கு உரியவை அல்ல. ஓரிரண்டு வண்டிகளை வைத்துக்கொண்டு, கடன் தவணையும் கட்டி, குடும்பமும் நடத்தும் சிறு உரிமையாளர்களுக்கு உரியவை. வண்டி பழையதாகும்போது அது நெடுஞ்சாலையிலிருந்து கல்குவாரிக்கும் செங்கற்சூளைக்கும் உள்ளூர்ச் சந்தைக்கும் இடம் மாறுகின்றதே தவிர, உழைப்பதை நிறுத்துவதில்லை.

ஜாம்ஷெட்பூரில் டெல்கோ நிறுவனம் 1954ஆம் ஆண்டு ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு லாரி உற்பத்தியைத் தொடங்கியது. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. இவ்விரு ஆலைகளின் வண்டிகளே பல பத்தாண்டுகள் இந்தியச் சாலைகளை நிறைத்திருந்தன. இவற்றுக்கு வேண்டிய உறுப்புகளைச் செய்யும் தொழிலும் உடன் வளர்ந்தது. 1962இல் சென்னையை அடுத்த பாடியில் சுந்தரம் கிளேட்டன் நிறுவனமும், அதே ஆண்டில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனமும் பிரித்தானிய நிறுவனங்களின் கூட்டுறவுடன் தோன்றின. எளிமையான அமைப்பும் எங்கும் கிடைக்கும் உதிரி உறுப்புகளுமே அக்கால வண்டிகள் நீண்ட நாள் நிலைத்ததற்குக் காரணம் எனலாம். சாலையோரப் பட்டறையில், மின்னணுக் கருவி எதுவுமின்றி, இவற்றின் கோளாறுகளைக் கண்டறிய இயலும்.

ஆனால் கண்டறிவது வேறு, ஊகிப்பது வேறு. ஸ்டீயரிங் தளர்ந்திருக்கின்றது என்று ஓட்டுநர் கூறியவுடன் ஸ்டீயரிங் பெட்டியைக் கழற்றுவதும், பிரேக் பிடிக்கவில்லை என்றவுடன் நான்கு சக்கரங்களுக்கும் புதிய லைனிங் அடிப்பதும் பல பட்டறைகளில் வழக்கமாகிவிட்டன. உரிமையாளரின் பணம் செலவாகின்றது, வண்டி இரண்டு நாள் நிற்கின்றது, கோளாறு அப்படியே இருக்கின்றது. பழுது பார்த்துவிட்டோம் என்னும் நம்பிக்கையோடு அதே வண்டி மலைப்பாதையில் இறங்குவதுதான் இதைவிடத் தீங்கானது. 2022ஆம் ஆண்டில் நாட்டில் நிகழ்ந்த சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை தெரிவிக்கின்றது. அவற்றுள் பெரும்பாலானவை அதிவேகத்தின் கணக்கில் பதிவாகின்றன. நிறுத்த இயலாத வண்டியும் பார்ப்பவர் கண்ணுக்கு அதிவேகமாக வந்த வண்டியாகவே தோன்றும் என்பதை இங்கு நினைவிற் கொள்ளுதல் நலம்.

முதலில் கேள்வி, பிறகு ஸ்பேனர்

ஓட்டுநரிடம் கேட்கவேண்டியவற்றைக் கேட்டறிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். கோளாறு பாரம் ஏற்றியபோது மட்டும் தோன்றுகின்றதா, வெறும் வண்டியிலும் தோன்றுகின்றதா? எப்பொழுதும் இழுக்கின்றதா, பிரேக் அழுத்தும்போது மட்டும் இழுக்கின்றதா? காலையில் புறப்படும்போதே இருக்கின்றதா, இருபது கிலோமீட்டர் ஓடிச் சூடான பின் வருகின்றதா? திடீரென வந்ததா, சிறிது சிறிதாக வளர்ந்ததா? எல்லாவற்றிற்கும் மேலாக, கோளாறு தோன்றுவதற்குச் சற்று முன்பு வண்டியில் என்ன வேலை செய்யப்பட்டது? முன்பக்க ஸ்பிரிங் கட்டில் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்த மறுநாளிலிருந்து வண்டி ஒரு பக்கம் ஓடுகின்றது என்றால், ஸ்டீயரிங் பெட்டியைத் தொடவே வேண்டியதில்லை.

அடுத்து டயர்களைப் பார்க்க வேண்டும். முன் டயர் தேய்ந்திருக்கும் விதம் ஒரு பதிவேடு போன்றது. உள்விளிம்போ வெளிவிளிம்போ மட்டும் தேய்ந்திருந்தால் கிங்பின் தேய்வையோ அச்சு வளைவையோ ஐயுறலாம். கையால் தடவும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் போலவும் இருந்தால், இரு முன் சக்கரங்களும் ஒன்றுக்கொன்று இணையாக ஓடவில்லை என்பது பொருள். இடையிடையே குழி விழுந்தாற்போல் தேய்ந்திருந்தால் சக்கரம் எங்கோ தளர்ந்து ஆடுகின்றது. காற்றழுத்தத்தை அளவுகோல் கொண்டு அளந்து, இரு பக்கமும் சமமாக்கிய பின்னரே மற்றச் சோதனைகளைத் தொடங்க வேண்டும். டயரைச் சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்டு அழுத்தத்தை மதிப்பிடும் வழக்கம் வெடித்த டயரைக் கண்டுகொள்ள உதவுமேயன்றி, இந்த வேலைக்குப் போதாது.

ஸ்டீயரிங் தளர்வு

ஓட்டுநரின் கையிலுள்ள சக்கரத்திற்கும் சாலையிலுள்ள சக்கரத்திற்கும் இடையே ஒரு நீண்ட சங்கிலித் தொடர் உள்ளது. ஸ்டீயரிங் தண்டு, பற்சக்கரப் பெட்டி, அதிலிருந்து தொங்கும் டிராப் ஆர்ம், அதை அச்சுடன் இணைக்கும் டிராக் லிங்க், வலப்பக்கச் சக்கரத்தின் ஸ்டீயரிங் ஆர்ம், இரு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு, அவற்றின் முனைகளிலுள்ள பால் ஜாயின்டுகள், சக்கரம் திரும்புவதற்கு அச்சாணியான கிங்பின், இறுதியாகச் சக்கர பேரிங் என்று அத்தொடர் செல்கின்றது. ஒவ்வோர் இணைப்பிலும் சிறிதளவு தேய்வு இருந்தாலும், அவை கூடி ஓட்டுநரின் கையில் பெருந்தளர்வாகத் தெரியும்.

இதைப் பிரித்தறிய இரண்டு ஆட்கள் போதும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து ஸ்டீயரிங்கை இருபுறமும் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். மற்றவர் கீழிருந்து ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்தும் கையால் தொட்டும் வர வேண்டும். ஓர் இணைப்பின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் இருக்குமானால், தேய்வு அங்கேதான். தண்டு திரும்பியும் டிராப் ஆர்ம் காலந்தாழ்த்தி அசைந்தால் பெட்டிக்குள் தளர்வு உள்ளது. பெட்டி முழுவதுமே சட்டத்தின் மேல் அசைந்தால், அதைப் பிணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றன அல்லது சட்டத்திலேயே விரிசல் கண்டிருக்கின்றது. இது பலரும் தவறவிடும் இடம். பெட்டியின் பற்களை இறுக்கிச் சரிசெய்ய முயன்று, தேய்வில்லாத பற்களைக் கெடுத்துக்கொள்வோர் பலர். பெட்டியின் நடுப்பகுதிப் பற்களே மிகுதியாகத் தேய்பவை. அங்குள்ள தளர்வைப் போக்க அளவுக்கு மீறி இறுக்கினால், முழுவதும் திருப்பும்போது ஸ்டீயரிங் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆம் விதி, ஸ்டீயரிங் சக்கரத்தில் வெற்றசைவு 30 பாகைக்கு மேற்படலாகாது என்கின்றது. 50 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தின் விளிம்பில் இது ஏறத்தாழ 13 செ.மீ. ஆகும். விளிம்பில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, முன் சக்கரம் அசையத் தொடங்கும் வரை இருபுறமும் திருப்பி அளந்துவிடலாம். சட்டம் கூறுவது எல்லையைத்தான். அந்த எல்லையில் ஓடும் வண்டி நல்ல நிலையில் உள்ளது என்று கருதிவிடலாகாது. பால் ஜாயின்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்கவேண்டும், போல்ட்டுகளும் பின்களும் கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்கவேண்டும் என்றும் அதே விதி கூறுகின்றது. ஒரு காட்டர் பின் விலை மிகச் சிறியது. அது இல்லாமையால் கழலும் டை ராடோ முழு வண்டியையும் சாலையை விட்டு இறக்கிவிடும்.

கிங்பின் தேய்வையும் பேரிங் தளர்வையும் குழப்பிக்கொள்வது அடிக்கடி நேர்வது. முன் அச்சை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின் மேல் அமர்த்தி, டயரின் மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் பிடித்து ஆட்டினால் இரண்டிலுமே அசைவு தெரியும். அப்போது மற்றொருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிரேக் அழுத்தியதும் அசைவு மறைந்தால் அது பேரிங் தளர்வு. அழுத்திய பின்னும் இருந்தால் கிங்பின் அல்லது அதன் புஷ் தேய்ந்துள்ளது. லைனிங், டிரம்மைப் பற்றிக்கொள்வதால் பேரிங்கின் அசைவு தடைபடுகின்றது என்பதே இதன் தத்துவம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்வது எக்காரணம் கொண்டும் கூடாது.

கடினமான ஸ்டீயரிங்

ஸ்டீயரிங் கனமாக இருப்பதாகக் கூறப்படும் வண்டியில், தொடரை நடுவில் துண்டித்துப் பார்ப்பதே குறுக்கு வழி. முதலில் முன் சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்திவிட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்போது எளிதாகத் திரும்பினால் காற்றழுத்தக் குறைவு, மிகைப் பாரம், கிங்பின்னின் கீழ் எடையைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கின் பழுது ஆகியவற்றைப் பார்க்கலாம். உயர்த்திய பின்னும் கனமாகவே இருந்தால் டிராக் லிங்கின் ஒரு முனையைக் கழற்றிவிட வேண்டும். இப்போது ஸ்டீயரிங் எளிதாகத் திரும்பினால் குற்றம் அச்சின் பக்கம். பெரும்பாலும் கிரீஸ் ஏறாமல் உலர்ந்து இறுகிய கிங்பின்தான். அப்போதும் கனமாக இருந்தால் குற்றம் பெட்டியிலோ தண்டிலோ உள்ளது.

கிரீஸ் துப்பாக்கியால் அடித்தேன் என்று உதவியாளர் கூறுவதை மட்டும் நம்புவதற்கில்லை. நிப்பிள் அடைபட்டிருந்தால் கிரீஸ் வெளியே வழிந்துவிடும். பழைய கிரீஸ் புஷ்ஷின் விளிம்பில் வெளிவருவதைக் கண்ணால் கண்டால்தான் புதியது உள்ளே சென்றதாகப் பொருள். சக்கரத்தை உயர்த்தி எடையை நீக்கிய நிலையில் கிரீஸ் அடிப்பது த்ரஸ்ட் பேரிங் வரை அது சென்று சேர உதவும். வளைவில் திரும்பிய பின் ஸ்டீயரிங் தானாக நேர்நிலைக்கு வராத வண்டிகளிலும் உலர்ந்த கிங்பின்னே முதற்காரணமாக இருப்பதைக் காணலாம்.

பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டிகளில் இவற்றுக்கு முன் எண்ணெய் மட்டம், பம்பை ஓட்டும் பெல்ட், குழாய்க் கசிவு ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். எண்ணெயில் நுரை கண்டால் காற்று புகுந்திருக்கின்றது.

ஒரு பக்கம் இழுத்தல்

ஸ்டீயரிங் கோளாறும் பிரேக் கோளாறும் ஒன்றின் வேடத்தை மற்றொன்று பூணும் இடம் இதுவே. சமமான சாலையில் எப்பொழுதும் ஒரே பக்கம் இழுத்தால், டயர் அழுத்த வேறுபாடு, விடாமல் உரசும் பிரேக், தளர்ந்த ஸ்பிரிங், இடம் பெயர்ந்த அச்சு ஆகியவற்றுள் ஒன்றைக் காரணமாகக் கொள்ளலாம். ஸ்பிரிங் பட்டைகளின் நடு போல்ட் முறிந்தால் அச்சு ஒரு பக்கம் பின்னோக்கி நகர்ந்துவிடும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையேயுள்ள தொலைவை இருபுறமும் நாடாவால் அளந்தால் இது வெளிப்பட்டுவிடும். சிறிது தொலைவு ஓட்டி நிறுத்திய பின், ஒவ்வொரு டிரம்முக்கு அருகிலும் கையைக் கொண்டுசென்று வெப்பத்தை உணர்ந்து பார்த்தால் உரசும் பிரேக் தெரியும், டிரம்மைத் தொடலாகாது.

பிரேக் அழுத்தும்போது மட்டும் இழுத்தால், வண்டி இழுக்கும் பக்கத்துப் பிரேக்கைத்தான் பலர் கழற்றுகின்றனர். வண்டி எந்தப் பக்கம் பிரேக் நன்றாகப் பிடிக்கின்றதோ அந்தப் பக்கமே இழுக்கும். ஆகவே பெரும்பாலும் குற்றம் எதிர்ப்பக்கச் சக்கரத்தில் இருக்கும். அங்கு ஹப்பின் எண்ணெய்த் தடுப்பு கிழிந்து லைனிங்கில் கிரீஸ் படிந்திருக்கலாம்; லைனிங் கண்ணாடி போல் வழவழப்பாகியிருக்கலாம்; அட்ஜஸ்டர் தளர்ந்திருக்கலாம். ஹப்பில் அளவுக்கு மீறிக் கிரீஸ் திணிப்பதும் இதற்கு ஒரு காரணம். எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலால் கழுவியோ தீயில் வாட்டியோ மீண்டும் பொருத்துவது நிலைக்காது; சூடேறியதும் ஊறிய எண்ணெய் மீண்டும் மேலே வரும். ஓர் அச்சின் இருபக்கத்துக்கும் ஒரே வகை லைனிங்கை ஒருசேர மாற்றுவதே முறை.

பிரேக்கில் எக்குறையும் இல்லாமலும் பிரேக் அழுத்தும்போது இழுப்பு உண்டாகலாம். யூ போல்ட்டுகள் தளர்ந்திருந்தாலோ ஸ்பிரிங் பட்டைகள் வலுவிழந்திருந்தாலோ, பிரேக் பிடிக்கும்போது முன் அச்சு முறுக்கிக்கொள்ளும். டிராக் லிங்கின் ஒரு முனை சட்டத்தோடு பிணைந்த பெட்டியிலும் மறுமுனை அச்சிலும் இருப்பதால், அச்சு முறுக்கிய அளவுக்குச் சக்கரம் தானாகவே திரும்பும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கை அசையாமல் பிடித்திருந்தும் வண்டி விலகும். கூடுதல் பாரம் ஏற்றுவதற்காக ஸ்பிரிங் பட்டைகளைச் சேர்ப்பதால் டிராக் லிங்கின் சாய்வு மாறி, மேடுபள்ளங்களில் இதே போன்ற விலகல் தோன்றுவதும் உண்டு. ஒரு பருவத்து வாடகையைக் கூட்டிக்கொள்ளச் செய்த ஏற்பாடு, டயரிலும் கிங்பின்னிலும் அதைத் திருப்பி வாங்கிக்கொள்கின்றது.

எண்ணெய் பிரேக்

பழைய லாரிகள் பலவற்றில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கும், அதற்குத் துணையாக வெற்றிடத்தாலோ அழுத்தக் காற்றாலோ இயங்கும் பூஸ்டரும் உண்டு. இங்கு பெடல் காலுக்குக் கொடுக்கும் உணர்வே முதல் அறிகுறி. பெடல் பஞ்சு போல் அமுங்கினால் குழாய்களில் காற்று புகுந்துள்ளது. முதல் மிதியில் தரை வரை சென்று, அடுத்தடுத்த மிதிகளில் உயர்ந்து வந்தால் லைனிங்குக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகியுள்ளது. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு இருக்கின்றது. வெளியில் ஈரம் எங்கும் காணப்படாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே ரப்பர் கப் தேய்ந்திருக்கின்றது. பெடல் கல் போலிருந்தும் வண்டி நிற்காவிட்டால் பூஸ்டர் அல்லது லைனிங்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பல ஆண்டுகள் மாற்றப்படாத எண்ணெயில் கலந்துள்ள நீரால் அதன் கொதிநிலை தாழ்ந்துவிடுகின்றது. நீண்ட இறக்கத்தில் சூடேறும்போது சக்கர சிலிண்டரில் அது ஆவியாகி, பெடல் திடீரென அமுங்கிப்போகும். வண்டியை ஆறவிட்டால் பிரேக் மீண்டும் சரியாகிவிடுமாதலால், பட்டறைக்கு வந்து பார்க்கும்போது கோளாறே தென்படாது. அவசரத்தில் மாஸ்டர் சிலிண்டரில் எஞ்சின் எண்ணெயை ஊற்றுவது இதனினும் கொடியது. தாது எண்ணெய் பட்டதும் ரப்பர் கப்புகள் உப்பிக் கெடும். பிறகு அமைப்பு முழுவதிலுமுள்ள ரப்பர் உறுப்புகளை மாற்றாமல் வேறு வழியில்லை. ஒரே சுற்றாக அமைந்த பழைய வண்டிகளில் ஒரு குழாய் வெடித்தாலும் எல்லாச் சக்கரங்களின் பிரேக்கும் ஒருங்கே போய்விடும் என்பதால், துருப்பிடித்த குழாய்களையும் வெடிப்புக் கண்ட ரப்பர் ஹோஸ்களையும் கசியும் வரை காத்திராமல் மாற்றிவிட வேண்டும்.

காற்று பிரேக்

முழுக் காற்று பிரேக்கில் எஞ்சினால் இயங்கும் கம்பிரசர் காற்றை அழுத்திக் கலன்களில் சேமிக்கின்றது. பெடலை மிதித்ததும் அக்காற்று ஒவ்வொரு சக்கரத்திலுமுள்ள சேம்பருக்குச் சென்று டயஃபிரத்தைத் தள்ள, அதனோடு இணைந்த தள்ளு தண்டு ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருப்ப, எஸ் வடிவக் கேம் திரும்பி லைனிங்கை டிரம்மின் மேல் அழுத்துகின்றது. 30 சதுர அங்குலப் பரப்புள்ள டயஃபிரத்தில், சதுர செ.மீட்டருக்கு 6 கிலோ அழுத்தம் செயல்பட்டால் ஏறத்தாழ 1,150 கிலோ விசை உண்டாகும்.

கசிவைக் கண்டறிய எஞ்சினை நிறுத்திவிட்டு அழுத்தமானியைக் கவனிக்க வேண்டும். பெடலைத் தொடாதபோதே முள் இறங்கினால் கசிவு கம்பிரசர், கலன், அவற்றின் குழாய்கள் ஆகிய பகுதியில் உள்ளது. பெடலை அழுத்திப் பிடித்தபோது மட்டும் தொடர்ந்து இறங்கினால் சேம்பர், ஹோஸ், பிரேக் வால்வு ஆகியவற்றில் உள்ளது. பிறகு சோப்பு நீரைத் தடவினால் குமிழி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அழுத்தம் ஏறுவதற்கே நீண்ட நேரம் ஆனால் காற்று வடிகட்டி, பெல்ட் தளர்ச்சி, கம்பிரசர் வால்வு என்ற வரிசையில் பார்க்கலாம்.

கலன்களின் அடியில் சேரும் நீரை நாள்தோறும் வடித்துவிட வேண்டும். வடியும் நீரில் கரிய எண்ணெய் கலந்து வந்தால் கம்பிரசரின் ரிங்குகள் தேய்ந்துள்ளன. வடிக்காத நீர் கலனைத் துருப்பிடிக்கச் செய்யும்; வால்வுகளை இறுகச் செய்யும்; லடாக் போன்ற குளிர்ப் பகுதிகளில் உறைந்து குழாயையே அடைத்துவிடும்.

ஸ்பிரிங் பிரேக் சேம்பர் பொருத்தப்பட்ட வண்டிகளில் ஓர் எச்சரிக்கை தேவை. அதனுள் சுருக்கி அடைக்கப்பட்டிருக்கும் ஸ்பிரிங், கவ்வியைக் கழற்றியதும் வெடிபோல் வெளிப்படும். ஆளைக் கொல்லும் வலிமை அதற்கு உண்டு. தக்க கருவியும் பயிற்சியும் இல்லாத பட்டறையில் அதைத் திறக்கவே கூடாது.

மலைப்பாதை இறக்கம்

மும்பை புணே பழைய சாலையிலுள்ள போர் காட், தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர்க் கணவாய் போன்ற இடங்களில், பணிமனை முற்றத்தில் நன்றாக இருந்த பிரேக் ஏன் கைவிடுகின்றது என்பதைச் சிறிது கணக்குப் பார்த்து அறியலாம். 16 டன் எடையுள்ள லாரி 500 மீட்டர் உயரம் இறங்கினால் அது இழக்கும் ஆற்றல், அறை வெப்பத்திலுள்ள 250 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. எஞ்சினைக் கொண்டு கட்டுப்படுத்தாவிடில் இவ்வெப்பத்தின் பெரும்பகுதி டிரம்களில்தான் சேரும். வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 60 ஆனால், நிறுத்துவதற்கு அழிக்கவேண்டிய இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும்.

சூடேறிய டிரம் விரிவடைகின்றது. 40 செ.மீ. விட்டமுள்ள வார்ப்பிரும்பு டிரம் 300 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் அதன் ஆரம் அரை மில்லிமீட்டருக்கு மேல் பெருகும். ஸ்லாக் அட்ஜஸ்டரின் நெம்புகோல் விகிதத்தால், இந்த அரை மில்லிமீட்டரை ஈடுசெய்யத் தள்ளு தண்டு ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் கூடுதலாக நகர வேண்டியிருக்கும். அட்ஜஸ்டர் ஏற்கெனவே தளர்ந்து, தண்டு தன் எல்லைக்கு அருகிலேயே இயங்கிக்கொண்டிருந்தால், அந்த ஒரு சென்டிமீட்டருக்கு இடம் இல்லை. டயஃபிரம் சேம்பரின் முடிவில் முட்டிக்கொள்ளும். காற்றழுத்தம் முழுமையாக இருந்தும் லைனிங்குக்கு விசை கிடைக்காது. காற்று பிரேக்கின் பெடல் உணர்வு வால்விலுள்ள ஸ்பிரிங்கிலிருந்து வருவதால், இந்நிலையை ஓட்டுநரின் கால் அறியாது. எண்ணெய் பிரேக் முன்கூட்டியே எச்சரிக்கும் இடத்தில் காற்று பிரேக் மௌனமாக இருந்துவிடுகின்றது.

இதற்கான சோதனை மிக எளியது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஸ்பிரிங் பிரேக் இருந்தால் அதை விடுவித்து, தள்ளு தண்டு சேம்பரை விட்டு வெளிவரும் இடத்தில் சுண்ணக்கட்டியால் குறியிட வேண்டும். முழு அழுத்தத்தில் பிரேக்கை அழுத்தச் செய்து, குறி எவ்வளவு நகர்ந்தது என்று அளக்க வேண்டும். உற்பத்தியாளரின் கையேட்டிலுள்ள எல்லையைத் தாண்டினால் அட்ஜஸ்ட் செய்யவேண்டும். ஓர் அச்சின் இருபக்க அளவுகளும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கவேண்டும். தானியங்கி அட்ஜஸ்டர் பொருத்தப்பட்ட வண்டிகளிலும் இச்சோதனை தேவை. அங்கு அளவு மீறியிருந்தால் கையால் இறுக்கிவிட்டு நிறைவடையாமல், அட்ஜஸ்டரோ கேம் புஷ்ஷோ பழுதாகியுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

சூடான பிரேக் கைவிடும்போது காரணத்தைப் பெடலைக் கொண்டே ஓரளவு பிரித்தறியலாம். எண்ணெய் பிரேக்கில் பெடல் அமுங்கிப்போனால் எண்ணெய் ஆவியாகியிருக்கின்றது. பெடல் உறுதியாக இருந்தும் வண்டி நிற்காமல், கருகிய நாற்றமும் வந்தால் லைனிங் சூட்டால் உராய்வை இழந்துள்ளது. காற்று பிரேக்கில் அழுத்தமானி முழு அழுத்தத்தைக் காட்டியும் பிடிப்பு இல்லையெனில் லைனிங்கோ தள்ளு தண்டின் எல்லையோ காரணம்; முள்ளே தாழ்ந்திருந்தால் காற்று இல்லை.

காற்று இல்லாமற்போவதற்குச் சில வேளைகளில் ஓட்டுநரின் சிக்கனமே காரணமாகின்றது. டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில், எஞ்சினையும் நிறுத்திவிட்டு இறங்கும் வழக்கம் இன்னும் அடியோடு ஒழியவில்லை. எஞ்சின் நின்றால் கம்பிரசர் நிற்கின்றது. ஒவ்வொரு மிதியும் கலனிலுள்ள காற்றைக் குறைக்கின்றது. பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதன் பம்பும் நின்று, திருப்புவதற்கு இரு கைகளின் வலிமையும் போதாமற்போகின்றது. பிரேக்கும் ஸ்டீயரிங்கும் ஒரே சாவியால் ஒருங்கே பறிக்கப்படுகின்றன. ஏறும்போது தேவைப்படும் கியரிலேயே இறங்குவதும், எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் அதைப் பயன்படுத்துவதும் டிரம்களுக்குச் செல்லும் வெப்பத்தைப் பெரிதும் குறைக்கும்.

பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். டிரம்மைக் கழற்றியதும் அழுத்தக் காற்றால் தூசியை ஊதித் தள்ளும் வழக்கம் அந்த நுண்ணிழைகளைப் பணியாளரின் நுரையீரலுக்கு அனுப்புகின்றது. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே பாதுகாப்பானது. பயிற்சிக்கு வரும் இளைஞர்களைக் கொண்டே இவ்வேலை பெரிதும் செய்விக்கப்படுவதால் தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்கள் இதில் கண்டிப்பாக இருத்தல் வேண்டும்.

தகுதிச் சான்றும் ஆய்வும்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, போக்குவரத்து வாகனங்களுக்குத் தகுதிச் சான்றைக் கட்டாயமாக்குகின்றது. 2018இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி எட்டு ஆண்டு வரையிலான வண்டிகளுக்கு இரண்டு ஆண்டுகளுக்கொரு முறையும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஆண்டுதோறும் சான்று புதுப்பிக்கப்பட வேண்டும். அதே ஆண்டில் இரண்டு அச்சு லாரிகளின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து உயர்த்தப்பட்டது. பழைய வண்டியின் டிரம்களும் ஸ்பிரிங்குகளும் இந்த அறிவிப்பால் வலிமை பெற்றுவிடவில்லை என்பதை உரிமையாளர்கள் மறந்துவிடுகின்றனர்.

தானியங்கிச் சோதனை நிலையங்களில் உருளைகளின் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் விசையையும் தனித்தனியே அளக்கின்றனர். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு எண்ணாகவே தெரிந்துவிடுகின்றது. ஆள் முகம் பார்த்து வழங்கும் சான்றைவிட இது பன்மடங்கு மேல். எனினும் உருளை வேறுபாட்டைக் காட்டுமேயன்றிக் காரணத்தைக் காட்டாது. மேலும் வண்டி பெரும்பாலும் பாரமின்றி, குளிர்ந்த டிரம்முடன் வந்து நிற்கின்றது. டிரம் விரிந்தால் தண்டுக்கு இடமிருக்குமா, எண்ணெயில் எவ்வளவு நீர் கலந்துள்ளது, கிங்பின் எந்த அளவு தேய்ந்துள்ளது என்பவை அங்கு வெளிப்படாமலே போகலாம். சோதனைக்கு முன்னாள் அட்ஜஸ்டரை இறுக்கிக்கொண்டு வந்தால் அன்றைக்கு எண்கள் சரியாகவே இருக்கும்.

ஆகவே ஆய்வாளர் பழைய வண்டிகளில் தள்ளு தண்டின் அளவையும் ஸ்டீயரிங் விளிம்பின் வெற்றசைவையும் அளந்து சோதனைத் தாளிலேயே எண்ணாகக் குறித்துவைப்பது பயன் தரும். மாநிலப் போக்குவரத்துக் கழகங்களின் பணிமனைகளும், அரசுத் துறைகளின் வாகனப் பிரிவுகளும் வண்டிக்கொரு அட்டை வைத்து மாதந்தோறும் இவ்வளவுகளைப் பதியலாம். ஒரே சக்கரத்தின் அளவு மூன்று மாதம் தொடர்ந்து ஏறிக்கொண்டே வந்தால் அந்தச் சக்கரத்தை எப்போது கழற்ற வேண்டும் என்பது அட்டையிலேயே தெரிந்துவிடும். சுண்ணக்கட்டி, அளவுநாடா, இரண்டு ஆட்கள், ஒரு வண்டிக்கு அரை மணி நேரம் ஆகியவையே இதற்கு வேண்டியவை.